5 பாடத்துக்கு ஒரே டீச்சர்!

திருப்பூர்:

பனியன் கம்பெனியில் கட்டிங்குக்கு ஓர் ஆள், ஓவர்லாக்குக்கு ஓர் ஆள், செக்கிங்குக்கு ஓர் ஆள். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, "நீயே தைத்து, நீயே செக்கிங்கும் பார்" என்றால் மறுநாள் வேறு கம்பெனியில் இருப்பார்!

5-ம் வகுப்பு டீச்சர் நிலை அப்படி அல்ல. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி என்றால், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று இன்னொரு வேலை. வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், திருத்த வேண்டிய நோட்டு 150!

பீகார் பையன் கணக்கு

இதில் ஒரு லாபமும் உண்டு. பீகாரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ கம்பெனி வேலைக்கு வந்தவரின் பையன், கூட்டல் பெருக்கலை டாண் டாண் என்று போடுவான். "ஒரு டஜன் பனியன் விலை இவ்வளவு என்றால், 5 பனியன் என்ன விலை?" என்று எழுதிக் கேட்டால் முழிப்பான். அவனுக்கு வராதது கணக்கு அல்ல, தமிழ். இரண்டையும் நடத்துகிறவர் சட்டென்று கண்டுபிடித்து விடுவார். அப்பனும் ஆத்தாளும் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு மேல் வருகிற வீட்டில், இதை வேறு யார் கவனிப்பது?

6-ம் வகுப்பு போனால் கதை வேறு. கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவராவது வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். 5-ம் வகுப்பு வரை அது பார்ப்பது தலைக்கணக்கு மட்டுமே.

டீச்சருக்கும் பரீட்சை

5-ம் வகுப்பு வரை நடத்துகிறவர்கள் எழுதும் 'டெட்' தகுதித் தேர்வின் முதல் தாளுக்கு 150 மார்க். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், குழந்தை வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் 30. ஆக, டீச்சருக்கும் ஐந்து!

2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு போடு போட்டது. ஏற்கனவே வேலையில் இருப்பவர்களும், ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் பாக்கி இருந்தால், 2 ஆண்டுக்குள் 'டெட்' பாஸ் செய்தாக வேண்டும். இல்லையென்றால் கட்டாய ஓய்வு. 20 வருடம் பாடம் நடத்தியவரும் தப்ப முடியாது.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு? சிறுபான்மையினர் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் அதே கோர்ட்டுதான் சொன்னது. அது சரிதானா என்று பெரிய பெஞ்ச் பார்க்கட்டும் என அனுப்பி, முடிவு வரும்வரை அங்கே 'டெட்' கட்டாயம் இல்லை என்று நிறுத்தியது.

மாநகராட்சிப் பள்ளி டீச்சருக்குக் கெடு. பக்கத்துத் தெரு கத்தோலிக்கப் பள்ளி டீச்சருக்குக் காத்திருப்பு. இருவர் கையிலும் இருப்பது அரசு அச்சடித்த அதே புத்தகம்தான்!