புதினாத் தண்டை எறியாதீர்கள்

புதினாக் கட்டு வாங்கி, இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடுகிறோம். வீட்டு மூலிகைத் தோட்டத்தை அந்தத் தண்டிலிருந்தே தொடங்கலாம். சற்று முற்றிய தண்டுகளில் நாலைந்தை எடுத்து, நுனி இலைகளை விட்டுவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும்.

கற்பூரவள்ளிக்கும் பிரண்டைக்கும் இதே வழிதான். அக்கம்பக்கத்தில் ஒரு கிளை கேட்டு வாங்கினால் போதும். பிரண்டைத் துண்டை மட்டும் ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு நடுங்கள். வெட்டுவாய் காயாவிட்டால் அழுகிவிடும். துளசிக்குக் காய்ந்த கதிரைக் கசக்கித் தூவினாலே நாற்று வரும். முதலில் மூன்று செடிகள் போதும். அவை பழகிய பிறகு வல்லாரை, தூதுவளை என்று கூட்டிக்கொள்ளலாம்.

செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்தால் நல்ல மண் கலவை கிடைக்கும். பழைய வாளிகூடத் தொட்டியாகும். அடியில் துளையிட்டு, ஓட்டுச் சில்லை வைத்து மண்ணை நிரப்புங்கள்.

துளசி, தூதுவளை, பிரண்டைக்கு நல்ல வெயில் வேண்டும். புதினாவுக்கும் வல்லாரைக்கும் காலை வெயில் போதும். கோடையில் மொட்டைமாடித் தரையின் சூடு வேரைத் தாக்கும். தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். மண்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் தண்ணீர்ச் செலவு குறையும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அரிசி, பருப்பு கழுவிய நீரே பெரும்பாலும் போதும்.

உரமும் அடுப்படியிலேயே இருக்கிறது. காய்கறித் தோலை ஒரு பங்கும் சருகை இரண்டு பங்குமாகத் துளையிட்ட வாளியில் அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கும். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

பறிக்கும்போது நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். துளசியில் பூங்கதிரைக் கிள்ளிவிட்டு, விதைக்கென்று ஒன்றிரண்டை மட்டும் முற்றவிடுங்கள்.

ஐப்பசி மழையில் தொட்டிகளில் நீர் தேங்கிச் செடிகள் அழுகக்கூடும். அதற்கு முன்பே ஒவ்வொரு செடியிலும் ஒரு தண்டை வெட்டி, மழை படாத இடத்தில் தனித் தொட்டியில் நட்டுவிடுங்கள். தைக்குப் புதுத் தோட்டம் அதிலிருந்து எழும். எதையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்காது.