பழைய காரின் நீர்த்துரு

அம்பாஸடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆயினும் அதை விற்க மனமின்றிப் பேணி வருவோர் வட மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இன்னும் உளர். அவர்களுள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீரை வார்த்துவிடுவார்கள். இதனை வண்டிக்குச் செய்யும் உபசாரமாகவே எண்ணுகிறார்கள். எஞ்சினைத் துருவுக்கு இரையாக்குவது இப்பழக்கமே.

1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர் பகுதியும் அதன் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றுள் ஓடும் நீர் வெப்பத்தை ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது; அங்கே மெல்லிய குழாய்களில் இறங்குகையில் காற்றுப்பட்டு ஆறுகிறது. (ரேடியேட்டர் என்றால் கதிர்வீசி என்று பொருள். ஆனால் அது தன் வெப்பத்தைப் பெரும்பாலும் காற்றிடமே ஒப்படைக்கிறது. மூலச் சொல்லே பிழையாயிருப்பின் மொழிபெயர்ப்பாளன் என் செய்வான்!) இரும்பு துருப்பிடிக்க நீர் மட்டும் போதாது, பிராண வாயுவும் வேண்டும். அடைபட்ட நீரில் கரைந்துள்ள பிராண வாயு சிறிது துருவை உண்டாக்கியபின் தீர்ந்துபோகும். நாள்தோறும் புதுநீர் வார்த்தாலோ, நாள்தோறும் அவ்வாயு புதிதாகச் சேரும். உப்பு மிகுந்த நிலத்தடி நீராயின் சுண்ணாம்பும் உடன் படியும். இந்தச் சேறு எஞ்சினின் பின்கோடியில், கடைசிச் சிலிண்டரைச் சுற்றித் தங்கிவிடுகிறது. அவ்விடம் மிகையாகச் சூடேறினால் தலைப்பகுதிக் காஸ்கெட் எரியும். தலைப்பகுதியே விரிசல் காணவும் கூடும்.

கழுவும் முறை கடினமன்று. எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும்; சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தால் மட்டும் போதாது. எஞ்சினின் பக்கத்திலும் ஒரு வடிகுழாய் உண்டு. அவசரப் பட்டறைகளில் அதைத் தொடுவதேயில்லை. திறந்தும் நீர் வாராவிடில் கம்பியால் குத்திவிட, தேங்கிய சேறு வெளிப்படும். பின்பு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹோஸ்களைப் பிரித்து, ரேடியேட்டரின் கீழ்வாயில் மெல்லிய அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி மேல்வாயில் வெளியேற்றவேண்டும். வழக்கமான ஓட்டத்துக்கு எதிராகச் செல்லும் நீரே அடைப்பைப் பெயர்க்கும். எஞ்சினிலோ, தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் செலுத்திக் கீழ் ஹோஸின் வாயில் வெளியேற்றுவது முறை. ஒட்டிய துருவுக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் உதவும். எல்லாவற்றையும் பூட்டி, லிட்டருக்கு 25 கிராம் வீதம் கரைத்து ஊற்றி, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறியபின் வடித்து, இருமுறை நன்கு அலசுதல் வேண்டும்.

கழுவியதும் புதிய ஒழுக்குகள் தோன்றினால் பட்டறைக்காரரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அரித்த ஓட்டைகளை அதுவரை அடைத்திருந்தது துருவே. எஞ்சினின் பக்கங்களில் பதித்துள்ள வட்டத் தகட்டு மூடிகள், வாட்டர் பம்பின் சீல், உப்பிய ஹோஸ்கள் ஆகியவற்றைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். வட இந்தியப் பட்டறைகளில் துருவை ‘ஜங்’ என்பர். அச்சொல் ஒன்றே பாதி விளக்கம் தந்துவிடும். ரேடியேட்டர் ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். மஞ்சள்தூளைக் கொட்டி அடைக்கும் சாலையோர வைத்தியம் வீடு வந்துசேர உதவுமேயன்றி மருந்தாகாது. அத்தூள் நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

மூடியையும் சோதிக்கவேண்டும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருப்பின், சமவெளியில் நீர் கொதிக்க ஏறத்தாழ 111 டிகிரி செல்சியஸ் வேண்டும். அழுத்தம் தாங்காத மூடியுடன் சிம்லா ஏறினால் அவ்வுயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இறுதியில் நிரப்பவேண்டியது குழாய்நீரன்று. எதிலீன் கிளைக்கால் அடங்கிய செறிந்த கூலண்டையும் பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றவேண்டும். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து நாளடைவில் வலுவிழப்பதால், டப்பாவில் குறித்த கெடுவில் மாற்றுவது அவசியம். கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. வடித்த பழைய கூலண்டைக் குழந்தைகளும் நாய்களும் நெருங்காதவாறு மூடிய பாத்திரத்தில் வைத்துப் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.