காபி மேக்கர் சூடானால் என்ன செய்வது?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காபி மேக்கரா என்று கேட்காதீர்கள். தொடர்பு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் காபி மேக்கர் அதிகமாகச் சூடாகி, பாதியிலேயே நின்றது. “உள்ளே இருக்கும் ஃப்யூஸை எடுத்துவிட்டு டைரக்டாக ஒயர் கொடுத்துவிடலாம்” என்றார் மெக்கானிக். மறுத்துவிட்டேன். தீப்பிடிக்காமல் தடுக்கும் கடைசிக் காவல் அந்த தெர்மல் ஃப்யூஸ்தான்.

உண்மைக் காரணம் எங்கள் போர் தண்ணீர். அதன் உப்பு ஹீட்டரை ஒட்டிய குழாயில் படிந்து ஓட்டத்தைக் குறைத்தது. தண்ணீர் ஓடினால்தான் ஹீட்டரின் சூடு குறையும். அது நடக்காததால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தியது.

வினிகர், தண்ணீர் இரண்டையும் சம அளவில் ஊற்றி ஆன் செய்தேன். பாதி இறங்கியதும் நிறுத்தி, 30 நிமிடம் ஊறவிட்டு மீதியை ஓட்டினேன். பிறகு 3 முறை வெறும் தண்ணீர். சரியாகிவிட்டது!

உங்கள் கம்ப்யூட்டர் திடீரென்று தானாக ஆஃப் ஆகிறதா? அங்கே உப்புக்குப் பதில் தூசி இருக்கலாம். ஹீட் சிங்க்கை அது அடைத்தால் சூடு வெளியேறாது. பிராசஸரைக் காக்க கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை நீக்குங்கள். இரண்டு கருவியிலும் நிறுத்தியது கோளாறு அல்ல, பாதுகாப்பு.