காய்ச்சலும் பாய்ச்சலும்

புவி வெப்பத்தைக் குறைக்கத் தனிமனிதர் என்ன செய்யலாம் என்ற பேச்சு வழக்கமாக மஞ்சப்பையில் தொடங்கி மரக்கன்றில் முடிந்துவிடும். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வைகைக் கரையில் நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கிற சோழவந்தானில் கணக்கு வேறு. இங்கே ஒரு விவசாயக் குடும்பம் தன் கையால் குறைக்கக்கூடிய வாயுவில் பெரும்பகுதி வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரில் இருக்கிறது.

வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் பொருளைச் சிதைத்து மீத்தேனை விடுகின்றன. பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாக அது வெளியேறுகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இதற்கு மருந்து நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதில் ஒரு குழாயைச் சேர்த்தது, அவ்வளவே. ஒரு அடி நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். வெளியே வயல் காய்ந்து தெரியும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ. இறங்கும்வரை பயிருக்குக் குறையில்லை. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு இதைத் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயப் போடக் கூடாது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது. தண்ணீரிலும் 30 சதவீதம் வரை மிச்சம்.

கிணறும் போரும் வைத்திருப்பவர் நாளைக்கே இதைத் தொடங்கலாம். கால்வாய்ப் பாசனக்காரருக்குத்தான் சிக்கல். இங்கே பேரணை முதல் கள்ளந்திரி வரை கால்வாயை நம்பி 45,041 ஏக்கர் இருபோக நிலம். வைகை அணை திறந்தால்தான் தண்ணீர். முறை வரும்போது பாய்ச்சாமல் விட்டால் அடுத்த முறை எப்போது என்ற பயம் நியாயமானது. அதனால் இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது, மடைக்கு மடை பேசித்தான் செய்ய வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு அப்படிப் பேசும் இடத்தைக் கொடுத்திருக்கிறது. சங்கக் கூட்டம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வருவது என்று ஆகிவிட்ட இடங்களில் முதலில் மாற வேண்டியது அந்தப் பழக்கம்.

இதே நெல் வயலைக் காட்டி, குறைத்த வாயுவைக் காசாக்கும் 'கார்பன் கிரெடிட்' வாங்கித் தருவதாகச் சொல்லி வருபவர்களிடம் கவனம் தேவை. 2024இல் வெர்ரா என்ற சர்வதேசப் பதிவு அமைப்பு, சீனாவின் 37 நெல் திட்டங்களைக் கணக்கில் எடுக்க முடியாது என்று தள்ளிவிட்டது. ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். எத்தனை ஆண்டு, உங்கள் பங்கு என்ன, திட்டம் தள்ளுபடியானால் செலவு யார் தலையில் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

அடுத்தது நெருப்பு. அறுவடை மெஷின் போனபின் தாளைக் கொளுத்துவது, தெருமுனையில் குப்பையைக் கூட்டித் தீ வைப்பது, போகியன்று டயர். வெற்றிலைக் கட்டை வாழை மட்டையில் பொதிந்து நாரால் கட்டும் தொழிலுக்குப் பிளாஸ்டிக் தடையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் பை இன்னும் கடைக்கு வருகிறது, கடைசியில் தெருவில் எரிகிறது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. குப்பையை வகை வகையாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டாரின் கடமை. வீடு வீடாக வந்து வாங்குவது உள்ளாட்சியின் கடமை. பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் கேள்வி கேட்கலாம்.

வீட்டுக்குள் முதலில் மாற்ற வேண்டியது மின்விசிறி. பழைய விசிறி சுமார் 75 வாட். பிஎல்டிசி என்ற சிக்கன மோட்டார் விசிறி 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் சுழன்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். நம் மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், ஒரே விசிறியில் 140 கிலோ குறைகிறது. கூரை விசிறிக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி முதல் கட்டாயம். குறியீடு இல்லாததையோ போலியையோ விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.

மாடியில் சூரியத் தகடு? இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு அவசரமில்லை. 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். 500ஐத் தாண்டுகிற வீடு கணக்குப் போடலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அது நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். இடையில் கமிஷன் கேட்பவருக்கு வேலையில்லை.

ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவு கரியமில வாயு வெளியேற்றுகிறார், அமெரிக்கர் 14 டன் அளவு. ஆகவே கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவரிடம் போய்க் குற்றவுணர்வை விற்க வேண்டியதில்லை. வெயில் முதலில் தாக்குவது அவரைத்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் உயிர். அனல்காற்று அடித்தால் கொழுந்து கருகும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக்குக் காரணம் வெப்பம் என்பது சான்றில் இருக்க வேண்டும், அதனால் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போதே வெயிலில் வேலை செய்ததைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கானமயில் பறவைப் பாதுகாப்பு வழக்கில் சொன்னது. அதை வைத்து ஊரில் என்ன செய்ய முடியும்? கண்மாயில் குப்பை கொட்டினாலோ எரித்தாலோ முதலில் பேரூராட்சி செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். நகர்வு இல்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம், அல்லது அரசின் புகார் எண் 1100. அதற்கும் மேல் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வக்கீல் இல்லாமல் நேரிலேயே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் முதல் நாளே தேதி தெரியும்படி படம் எடுத்து, மனுவின் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.