நகம் வெட்டாவிட்டால் மோதாமலேயே தோல்வி!

கராத்தே, ஜூடோ மாணவர்களுக்குக் கண்டிப்பான சுத்த விதிகள்

சென்னை,

மாலை 6 மணி ஆனால் போதும். சென்னை நகரில் பள்ளிக்கூட மைதானம், மண்டபம், மொட்டை மாடி என்று பல இடங்களில் "ஹா! ஹூ!" என்று சத்தம் கிளம்புகிறது.

தெருச்சண்டையோ என்று பயப்பட வேண்டாம். கராத்தே, ஜூடோ வகுப்புகள்தான் அவை!

சின்னஞ்சிறு வாண்டுகள் முதல் கல்லூரி மாணவிகள் வரை வெள்ளை உடை அணிந்து, இடுப்பில் பெல்ட் கட்டி, வெறும் காலோடு வரிசையில் நிற்கிறார்கள்.

பல வகுப்புகளில் மாஸ்டர் முதலில் குத்து விடச் சொல்வது இல்லை. "எல்லாரும் கையை நீட்டுங்க" என்கிறார். நகத்தைப் பார்க்கிறார். அடுத்து கால் விரல்களைப் பார்க்கிறார்.

"சண்டை கத்துக்க வந்தா, இவரு நகத்தைப் பார்க்கிறாரே!" என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரிப்பது உண்டு. ஆனால் இது சிரிக்கிற சமாசாரம் அல்ல.

நாற்றம் அடித்தால் 'அவுட்'

சர்வதேச ஜூடோ சம்மேளனம் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

உடை சுத்தமாக இருக்க வேண்டும். ஈரமாக இருக்கக்கூடாது. துர்நாற்றம் அடிக்கக்கூடாது. கை, கால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடம்பு சுத்தமாக இருக்க வேண்டும். நீண்ட தலைமுடியை ரப்பர் பேண்டு போன்றவற்றால் கட்ட வேண்டும். அதில் உலோகமோ, கெட்டியான பொருளோ இருக்கக்கூடாது.

இதன்படி நடக்காதவர் போட்டியில் இறங்க முடியாது. எதிராளி ஒரு பிடி கூடப் போடாமல் ஜெயித்துவிடுவார்!

வருடக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு, வளர்ந்த நகத்தால் தோற்றால் எப்படி இருக்கும்?

கராத்தே போட்டியிலும் நகம் குட்டையாக இருக்க வேண்டும். தலைமுடி சுத்தமாக இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

ஜூடோவில் எதிராளியின் சட்டைக் காலரையும் கையையும் பிடித்துத் தூக்கிப் போட வேண்டும். கீழே விழுந்ததும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது ஒருவர் கன்னம் மற்றவர் கழுத்தில் உரசும். ஒருவர் வியர்வை மற்றவர் மேல் ஒட்டும்.

அந்த நேரத்தில் நீண்ட நகம் பிளேடு மாதிரி வேலை செய்யும். கண்ணில் பட்டால் என்ன ஆகும்? தோலில் கீறினால் அந்தக் கீறல் வழியே கிருமி உள்ளே போகும்.

ஜப்பானை ஆட்டிய படை

படர்தாமரை என்று சொல்கிறோமே, அந்தத் தோல் வியாதிக்கு மல்யுத்த, ஜூடோ பயிற்சிக்கூடம் என்றால் கொண்டாட்டம்!

2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஜப்பானில் ஜூடோ மாணவர்களிடையே ஒரு வகைப் பூஞ்சைக் கிருமி வேகமாகப் பரவியது. கழுத்து, முகம், கைகளில் வட்ட வட்டமாகப் படை வந்தது. சிலருக்குத் தலையில் ஒளிந்து கொண்டது. அரிப்பு இல்லை. ஆனால் அவர்கள் மூலம் மற்றவர்களுக்குப் போனது. தலையில் பிரஷ்ஷால் தேய்த்து, அதைச் சோதனைச்சாலையில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1989-ம் ஆண்டு பள்ளி மாணவர்களுக்கு 4 வார மல்யுத்த முகாம் நடந்தது. அங்கே 'ஹெர்ப்பிஸ்' என்ற கொப்புள வியாதி 60 மாணவர்களைத் தொற்றியது. உடம்போடு உடம்பு உரசியதால் வந்த வினை.

மருந்துக்கடை டியூப்

சென்னையின் புழுக்கத்தில் படர்தாமரைக்குக் கேட்கவா வேண்டும்? படை வந்ததும் பலர் செய்கிற காரியம், மருந்துக்கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்பதுதான்.

அங்கேதான் ஆபத்து! அப்படி வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியதும் அரிப்பும் சிவப்பும் அடங்கும். "சரியாயிடுச்சு" என்று பையன் வகுப்புக்குப் போவான். ஆனால் கிருமி சாகவில்லை. உள்ளே பரவுகிறது. படையின் உருவமே மாறிப்போவதால் டாக்டருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்தக் களிம்புகளைக் கண்டபடி தடவியதும் ஒரு காரணமாக, இந்தியாவில் சாதாரண மருந்துக்கு மசியாத படர்தாமரை பெருகிவிட்டது என்று தோல் டாக்டர்கள் கூறுகிறார்கள். 2018-ம் ஆண்டு மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டது.

மறைக்காதே, ஒதுக்காதே

படை வந்த பையன் அதை மறைக்கத்தான் பார்ப்பான். "சொன்னா எல்லாரும் கேலி பண்ணுவாங்க, என்கூட யாரும் ஜோடி சேர மாட்டாங்க" என்ற பயம் அவனுக்கு. அவன் மறைக்க மறைக்க, கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் பரவும்.

நல்ல மாஸ்டர் அவனை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தித் திட்ட மாட்டார். தனியே அழைத்து, "டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. அதுவரைக்கும் ஓரமா உட்கார்ந்து பாடத்தைப் பாரு. உன் இடம் எங்கேயும் போயிடாது" என்பார்.

அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் தோலில் படை இருந்தால் மருந்து போட ஆரம்பித்து 72 மணி நேரம் கழிந்த பிறகுதான் களத்தில் விடுகிறார்கள். தலையில் இருந்தால் 14 நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். நம் ஊர் முரட்டுப் படைக்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கலாம். டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இடது பக்கம் மேலே

உடைக்கும் கணக்கு உண்டு. சட்டையின் இடது பக்கம் வலது பக்கத்தின் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஜப்பானியர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே பிணத்துக்குத்தான் வலது பக்கத்தை மேலே வைத்து உடுத்துவார்கள்!

ஜூடோ பெல்ட்டை இடுப்பில் 2 சுற்று சுற்றி முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுக்குக் கீழே 20 முதல் 30 சென்டிமீட்டர் தொங்க வேண்டும். பெண்கள் சட்டைக்குள் வெள்ளை பனியன் அணிய வேண்டும்.

தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு, செயின், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். உலோகத் தாயத்துக்கும் இடம் இல்லை.

"வெள்ளை பெல்ட் வியர்வையும் அழுக்கும் பட்டுத்தான் கறுப்பு பெல்ட் ஆனது. அதனால் துவைக்கக்கூடாது" என்று ஒரு கதை உலவுகிறது. வெறும் கட்டுக்கதை! ஜூடோவைத் தோற்றுவித்தவர் ஜிகோரோ கானோ. 1882-ம் ஆண்டு டோக்கியோவில் பயிற்சிக்கூடம் தொடங்கிய அவர்தான், தேர்ந்த மாணவர்களை அடையாளம் காட்டக் கறுப்பு பெல்ட் கொடுத்தார். பெல்ட்டையும் துவைக்கலாம்.

அம்மாவின் கவலை

"வாரத்துக்கு 3 நாள் கிளாஸ். இருக்கிறதோ ஒரே டிரஸ். மழை நாள்ல இதை எங்கே காயப்போடறது?" இது அம்மாக்களின் கவலை. நியாயமான கவலைதான்.

அதற்கு வழி உண்டு. வகுப்பு முடிந்து வந்ததும் உடையைப் பைக்குள் சுருட்டி வைக்கக்கூடாது. அன்று இரவே பச்சைத் தண்ணீரில் அலசி விடலாம். கொதிக்கிற வெந்நீரில் போட்டால் பருத்தித் துணி சுருங்கிவிடும். பிளீச்சிங் பவுடரை அடிக்கடி போட்டால் இற்றுப்போகும். காலையில் வெயிலில் உலர்த்தலாம். வெயில் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டலாம். முடிந்தவர்கள் இன்னொரு செட் வாங்கிக் கொள்ளலாம்.

துண்டு, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கக்கூசுக்குப் போகும்போது செருப்பு அவசியம். வெறும் காலோடு போய்விட்டு அப்படியே விரிப்பில் ஏறினால், அங்கே முகம் பதித்து விழப்போவது இன்னொரு பிள்ளை. வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும்.

கராத்தே, ஜூடோ இரண்டிலும் மோதுவதற்கு முன் எதிராளியைக் குனிந்து வணங்குகிறார்கள். அழுக்கு உடையோடும் நீண்ட நகத்தோடும் வணங்கினால் அது மரியாதை ஆகுமா?

கறுப்பு பெல்ட் வாங்கப் பல வருடம் ஆகும். நகம் வெட்ட 5 நிமிடம் போதும்!