உப்புக்கு அஞ்சும் சல்வீனியா

பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே வாய்க்கால் கடலில் கலக்கிறது. உவர்நீர் ஏறும் அம்முகத்துவாரத்தில் சல்வீனியா தழைக்காது. அதற்கு உப்பு ஆகாது. நன்னீரிலோ நிலைமை வேறு.

1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கெனக் கொண்டுவரப்பட்ட இந்த மிதக்கும் பன்னம், குளங்களையும் வயல்களையும் மூடியது. அடியில் ஒளியும் ஒட்சிசனும் குறைய, மீன்வளம் குன்றியது. 1986இல், அதன் தாயகமான பிரேசிலுக்குரிய சிறு வண்டு இங்கு விடப்பட்டது. சல்வீனியாவையே உணவாகக் கொண்ட அவ்வண்டு பல இடங்களில் களையை அடக்கியது.

ஆனால் முற்றாக ஒழியவில்லை. ஒரு துண்டு போதும், மீண்டும் பரவும். இடம்பெயர்ந்திருந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த குளத்துக்குத் திரும்பும் குடும்பங்களே, முதலில் நீரைப் பாருங்கள். சல்வீனியாவைக் கண்டால், சிரமதானமாகச் சேர்ந்து அள்ளி, நீர் எட்டாத மேட்டில் உலர்த்துங்கள். வலையைக் கழுவியே அடுத்த குளத்தில் இறக்குங்கள். இறைவன் தந்த நீரைக் காப்பது நம் கடன்.