கசெட்டில் இருப்பவர் யார்?

ஹட்டனில் பல வீடுகளில் கல்யாண வீடியோ கசெட்டுகள் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. எங்கள் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் படரும். அப்படியே டெக்கில் போட்டால் டெக்கும் கெடும். டெக் கிடைப்பதும் சிரமம். கடைசிவரை அதைத் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது.

மூன்று மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற மூன்று மணி நேரம் ஓடத்தான் வேண்டும். அந்நேரம் வாப்பும்மாவைப் பக்கத்தில் இருத்தி, வருகிறவர் யார், எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதுகிறேன். கோப்புக்கு ஆண்டு, இடம், நிகழ்வு என்று பெயர். (‘வீடியோ 1’ யாருக்கு உதவும்?) பிரதி இரண்டு, ஒன்று மாமி வீட்டில்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நம் நாட்டுத் தமிழ்பேசும் மக்களின் நூல்களோடு ஒலி, ஒளிப் பதிவுகளையும் இணையத்தில் பேணுகிறது. ஆனால் எங்கள் கசெட்டில் மணப்பெண்ணைச் சுற்றி நிற்கும் பெண்களின் பெயர்கள் வாப்பும்மாவுக்கு மட்டுமே தெரியும்.